அம்மாவின் வாயில் இரண்டு இடைவெளிகள்: இம்பிளான்டா, பிரிட்ஜா?

பொங்கல் முடிந்த கிழமை, உடுப்பிட்டியில் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து கச்சான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அம்மாவின் மேல்வாய்ப் பல் ஒன்று உடைந்தது. பெரிதாக அடைத்திருந்த பழைய பல் அது. வேர்வரை பிளந்திருந்ததால் பல்வைத்தியருக்கும் பிடுங்குவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. அன்றிரவே ரொறன்ரோவிலிருந்து அண்ணா வட்ஸ்அப்பில் வந்தார்.

"அம்மாவுக்கு இம்பிளான்ட் போடுவம். அதுதான் திறம். மற்றப் பக்கத்தில இல்லாத பல்லுக்கும் சேர்த்துப் போடட்டும். காசைப் பற்றி யோசிக்காதை."

பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த அம்மா சிரித்தார். "முப்பது வருசமா இல்லாத பல்லுக்கு இப்ப என்ன அவசரம் பிள்ளை?"

அந்த 'மற்றப் பக்கத்துப் பல்' 1992இல் போனது. குடாநாட்டில் மின்சாரம் இல்லாத காலம். எரிபொருளுக்கும் மருந்துக்கும் பொருளாதாரத் தடை. சொத்தைப் பல்லைத் துளைத்து, துப்பரவாக்கி, அடைப்பதற்கு இயந்திரம் ஓடவேண்டும். பிடுங்குவதற்குக் குறடும் விறைப்பு ஊசியும் போதும். காப்பாற்றியிருக்கக்கூடிய கடைவாய்ப்பல் அப்படித்தான் பிடுங்கப்பட்டது. ஊரில் ஐம்பதைத் தாண்டியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், இதேபோன்ற ஒரு கதை பலரிடம் இருக்கும். இடம்பெயர்வு, முகாம், வருமானமின்மை என்று காரணங்கள் வேறுபடும். வலி வந்தால் பிடுங்குவது என்பதே ஒரு தலைமுறையின் பற்சிகிச்சையாக இருந்தது.

இன்று யாழ்ப்பாணத்திலும் நெல்லியடியிலும் தனியார் பற்சிகிச்சை நிலையங்கள் இருக்கின்றன. வெளிநாட்டிலிருந்து காசும் வருகிறது. ஆகவே "இம்பிளான்டா, பிரிட்ஜா?" என்ற கேள்வி பல வீடுகளுக்குள் வந்துவிட்டது. நான் மருத்துவர் அல்ல. அம்மாவுக்காக அலைந்து கேட்டு, வாசித்து அறிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரே வாயில் இருந்த இரண்டு இடைவெளிகளுக்கும் கடைசியில் இரண்டு வேறு விடைகள் கிடைத்தன. அது ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

பிரிட்ஜ் என்றால் என்ன?

இல்லாத பல்லுக்கு இருபக்கமும் உள்ள பற்களைச் சுற்றிவர அராவிச் சிறிதாக்கி, அவற்றின் மேல் உறைபோலக் கிறவுண்களைப் போட்டு, அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு செயற்கைப் பல்லைத் தொங்கவிடுவதே பிரிட்ஜ். மூன்றும் ஒரே துண்டாக ஒட்டப்படும். வழக்கமாக இரண்டு மூன்று தடவை போனால், இரண்டு மூன்று கிழமைக்குள் வேலை முடிந்துவிடும். பெரிய சத்திரசிகிச்சை எதுவும் இல்லை.

இதற்கான விலையைக் கொடுப்பவை அயல் பற்கள். முழு உறை போடுவதற்கு, வெளியே தெரியும் பல்லின் பாதிக்கும் மேற்பட்ட பகுதியை அராவ வேண்டிவரும். அராவிய பல் திரும்ப வளராது. சிலருக்குச் சில வருடங்களில் அந்தப் பல்லின் நரம்பு கெட்டு, வேர்ச் சிகிச்சை தேவைப்படும். உறையின் விளிம்புக்குக் கீழே மீண்டும் சொத்தை வரலாம். தாங்கும் ஒரு பல் பழுதானால் முழுப் பிரிட்ஜையும் கழற்றவேண்டும். நடுப் பல்லின் கீழ் தூரிகை போகாது. அதற்கென்றுள்ள நூலையோ சிறு தூரிகையையோ நாளாந்தம் விட்டு எடுக்கவேண்டும்.

முன்பல் ஒன்றுக்கு மட்டும், அயல் பல்லைப் பெரிதாக அராவாமல் அதன் பின்பக்கத்தில் சிறு சிறகுபோல ஒட்டும் பிரிட்ஜ் வகையும் உண்டு. கடைவாய்ப் பல்லுக்கு அது பொதுவாகப் பொருந்தாது. இளவயதினருக்கு முன்பல் போயிருந்தால் அதைப் பற்றிக் கேட்டுப் பார்ப்பது நல்லது.

இம்பிளான்ட் என்றால் என்ன?

இது தாடை எலும்புக்குள் திருகப்படும் ஒரு டைட்டேனியம் ஆணி. போன பல்லின் வேருக்குப் பதிலாக நிற்கும். எலும்பு அதனோடு இறுகிய பிறகு அதன்மேல் ஒரு இணைப்புத் துண்டும் கிறவுணும் பொருத்தப்படும். அயல் பற்களைத் தொடவேண்டியதில்லை.

டைட்டேனியத்தோடு எலும்பு இப்படி இறுகும் என்பது தற்செயலாகத் தெரியவந்தது. 1950களில் சுவீடனில் பேராசிரியர் பெர்-இங்வார் பிரோனமார்க், முயலின் கால் எலும்புக்குள் இரத்தவோட்டத்தைப் பார்ப்பதற்காக டைட்டேனியக் கருவி ஒன்றைப் பொருத்தியிருந்தார். ஆராய்ச்சி முடிந்து அதை எடுக்க முயன்றபோது வரவில்லை. எலும்பு அதனோடு ஒன்றிப்போயிருந்தது. 1965இல் அவர் முதன்முதலாக மனிதர் ஒருவரின் தாடையில் இம்பிளான்ட் வைத்தார். பிறவியிலேயே தாடைக் குறைபாடும் கீழ்த்தாடையில் பற்கள் இல்லாத நிலையும் கொண்டிருந்த யோஸ்டா லார்சன் என்பவரே அந்த நோயாளி. அவர் 2006இல் இறக்கும்வரை, நாற்பது ஆண்டுகள் அவை அவரது வாயில் இருந்தன. ஆனாலும் மற்ற நாடுகளின் பல்வைத்தியர்கள் இதை உடனே நம்பவில்லை. 1982இல் ரொறன்ரோவில் நடந்த மாநாட்டுக்குப் பிறகுதான் வட அமெரிக்காவில் இந்த முறை பரவலாக ஏற்கப்பட்டது. அண்ணா இருக்கும் நகரத்திலிருந்து இம்பிளான்ட் ஆலோசனை வந்ததில் ஒரு பொருத்தம் இருக்கத்தான் செய்கிறது.

இம்பிளான்டின் முதலாவது விலை காலம். ஆணி வைத்தபின் கீழ்த்தாடையில் ஏறத்தாழ மூன்று மாதம், மேல்தாடையில் நான்கிலிருந்து ஆறு மாதம்வரை காத்திருப்பது வழக்கம். எலும்பு போதாவிட்டால் எலும்புத்தூள் வைத்து வளர்க்கவேண்டும். அதற்கு இன்னும் சில மாதங்கள். இரண்டாவது விலை காசு. ஆணியும் இணைப்புத் துண்டும் இறக்குமதிப் பொருட்கள் என்பதால் டொலரோடு சேர்ந்து விலையும் ஏறும். மூன்றாவது, சத்திரசிகிச்சை ஆபத்து. கீழ்த்தாடைக்குள் ஓடும் நரம்பு பாதிக்கப்பட்டால் உதடு மரத்துப்போகலாம். மேல்தாடையின் கடைவாய்ப் பகுதிக்கு மேலே காற்றறை இருக்கிறது. அங்கே எலும்பு மெல்லியது.

இம்பிளான்டுக்குச் சொத்தை வராது. ஆனால் அதைச் சுற்றியுள்ள முரசில் அழற்சி வந்து, எலும்பு கரைந்து, ஆணி ஆடத் தொடங்கலாம். முரசு நோயால் பற்களை இழந்தவர்களுக்கு இந்த ஆபத்து கூட. "ஒருக்காப் போட்டால் சாகும்வரைக்கும் பார்க்கத் தேவையில்லை" என்று ஊரில் சொல்வது சரியல்ல.

எது கனகாலம் நிற்கும்?

இந்தக் கேள்விக்குத்தான் எல்லோரும் விடை தேடுகிறார்கள். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களின் கணக்கு இது: வழக்கமான பிரிட்ஜ்களில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது, 10 ஆண்டுகளின் பின்னும் வாயில் இருக்கின்றன. ஒற்றைப் பல் இம்பிளான்டில் ஆணி 100இல் ஏறத்தாழ 95 பேருக்கு 10 ஆண்டுகளின் பின்னும் நிற்கிறது. அதன் மேலுள்ள கிறவுண் நிற்பது பத்தில் ஒன்பது பேருக்கு.

அதாவது ஆயுளில் இரண்டுக்கும் இடையே ஊரில் பேசிக்கொள்ளும் அளவுக்கு வித்தியாசம் இல்லை. இந்தக் கணக்குகள் ஒழுங்காகச் சோதனைக்குச் சென்ற நோயாளிகளிடமிருந்து எடுக்கப்பட்டவை என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். வித்தியாசம் வருவது பழுதாகும்போதுதான். பிரிட்ஜ் தோற்றால் அயல் பல்லும் சேர்ந்து போகலாம். இம்பிளான்ட் தோற்றால் எலும்பு போகலாம், அயல் பல் பெரும்பாலும் தப்பும்.

ஆகவே முதலில் பார்க்கவேண்டியது அயல் பற்களை. அவை பழுதில்லாத முழுப் பற்களாக இருந்தால் அராவுவது நட்டம். இம்பிளான்ட் பக்கம் தராசு சாயும். அவை ஏற்கெனவே பெரிதாக அடைத்தவையாக, வேர்ச் சிகிச்சை செய்தவையாக, எப்படியும் உறை தேவைப்படுபவையாக இருந்தால் பிரிட்ஜ் ஒரே வேலையில் மூன்று பிரச்சினைகளைத் தீர்க்கும்.

பழைய இடைவெளி வேறு

பல் பிடுங்கியபின் அதைத் தாங்கிய எலும்பு சுருங்கத் தொடங்கும். முதல் ஓராண்டுக்குள்ளேயே அகலத்தில் அரைவாசிவரை குறையலாம். அதன்பின் மெதுவாகத் தொடரும். பின்னால் உள்ள பல் முன்பக்கம் சரியும். எதிர்த் தாடையின் பல் இடைவெளியை நோக்கி இறங்கும்.

போர்க்காலத்தில் பல்லை இழந்தவர்களுக்கு இது முக்கியமான விடயம். கனடாவில் போன வருடம் பல் பிடுங்கிய ஒருவருக்குச் சுகமாகச் செய்த இம்பிளான்ட், 1992இல் பிடுங்கியவருக்கு எலும்பு வளர்ப்பு உட்பட இரண்டு மூன்று சத்திரசிகிச்சைகளாக மாறலாம். பிரிட்ஜும் இலகுவல்ல, சரிந்த பல்லை நிமிர்த்தாமல் அதில் உறை பொருத்துவது கடினம். வெளிநாட்டு உறவினர் தம் அனுபவத்தை வைத்துச் சொல்லும் ஆலோசனை அன்பால் வருவது. ஆனால் அவர்களது எலும்பும் எங்கள் எலும்பும் ஒன்றல்ல.

இந்த இடத்தில் பலரும் சொல்ல மறக்கும் இரண்டு வழிகளையும் சொல்லவேண்டும். ஒன்று, கழற்றிப் போடும் பல்தொகுதி. அயல் பற்களை அராவாது, சத்திரசிகிச்சை இல்லை, செலவு மிகக் குறைவு, பல பற்கள் இல்லாதவருக்கு ஒரே தடவையில் ஈடுசெய்யும். பழகக் கொஞ்சக் காலம் எடுக்கும். இரவில் கழற்றிக் கழுவித் தண்ணீரில் வைக்கவேண்டும். இரண்டாவது, சும்மா விடுவது. கடைவாயின் கடைசிப் பல் மட்டும் இல்லாதவர், அல்லது வருடக்கணக்காக நிலை மாறாத இடைவெளியோடு நன்றாகச் சாப்பிடுபவர், ஒன்றும் செய்யாமல் மற்றப் பற்களைக் கவனமாகப் பார்த்துக்கொள்வதும் முறையான ஒரு தெரிவுதான்.

பல்வைத்தியரிடம் மறைக்கக் கூடாதவை

எங்கள் உடம்புகளில் சில விடயங்கள் இருக்கின்றன. கேட்டால் மட்டும் சொல்வோம் என்று இருக்காமல் நாங்களாகவே சொல்லவேண்டும்.

செல் துண்டு: முகத்திலோ கழுத்திலோ தலையிலோ செல் துண்டு அல்லது சன்னம் இருப்பவர்கள் அதைச் சொல்லவேண்டும். இம்பிளான்டுக்கு எடுக்கும் முப்பரிமாண ஸ்கான் எக்ஸ்ரே கதிரால் எடுக்கப்படுவது. அது உலோகத்தை இழுக்காது. ஆனால் துண்டின் நிழல் விழுந்து எலும்பின் அளவு தெளிவாகத் தெரியாமல் போகலாம். எம்ஆர்ஐ ஸ்கான் வேறு. அது பலமான காந்தம். உடம்பில் இரும்பு கலந்த துண்டு இருந்தால் ஆபத்து. பின்னாளில் எந்த வைத்தியசாலையில் எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னாலும் முன்கூட்டியே சொல்லுங்கள். டைட்டேனியம் இம்பிளான்ட் பொதுவாக எம்ஆர்ஐக்குத் தடையில்லை.

இரவில் பல் நெருமுவது: மன அழுத்தத்தோடும் குழம்பிய நித்திரையோடும் வாழ்பவர்களிடம் இது அதிகம் காணப்படுகிறது. மனநலத்துக்கு எடுக்கும் சில மருந்துகளாலும் வரலாம். தனக்குத் தெரியாது, பக்கத்தில் படுப்பவர்தான் சொல்வார். நெருமும் வாயில் பிரிட்ஜின் பீங்கானும் உடையும், இம்பிளான்டின் திருகும் தளரும். இரவில் போடும் பாதுகாப்புத் தகடு தேவைப்படலாம். இதைச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சலரோகம்: கட்டுப்பாட்டில் இருந்தால் இம்பிளான்டுக்குத் தடையில்லை. கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் காயம் ஆறாது, கிருமி தொற்றும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை அறிக்கையைக் கொண்டுபோங்கள்.

கதிர்ச் சிகிச்சை: வாய், கழுத்துப் புற்றுநோய்க்காகத் தெல்லிப்பழையிலோ மகரகமவிலோ கதிர்ச் சிகிச்சை பெற்றவர்களின் தாடை எலும்பு ஆறும் சக்தியை இழந்திருக்கும். இம்பிளான்ட் மட்டுமல்ல, ஒரு பல்லைப் பிடுங்குவதற்கு முன்னரும் புற்றுநோய் வைத்தியரின் கருத்தைக் கேட்கவேண்டும்.

மருந்துகள்: எலும்புத் தேய்வுக்கு எடுக்கும் சில குளிசைகளும் ஊசிகளும் தாடை எலும்பு ஆறுவதைப் பாதிக்கும். இரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் மருந்தைச் சொல்லவேண்டும். நீங்களாக நிறுத்தக் கூடாது. செயற்கை இதய வால்வு உள்ளவர்களுக்குச் சிகிச்சைக்கு முன் நுண்ணுயிர்க்கொல்லி தேவைப்படும்.

வெற்றிலை, புகையிலை, சிகரெட்: சிகரெட் பிடிப்பவர்களிடம் இம்பிளான்ட் தோற்பது கூட. பாக்கு கனகாலம் சப்பியவர்களுக்கு வாய்த் தசை இறுகி, வாயைத் திறக்கவே முடியாமல் போவதுண்டு. அங்கே கருவியை உள்ளே விடுவதே கடினம். இலங்கையில் ஆண்களிடம் முதலிடத்தில் இருப்பது வாய்ப் புற்றுநோய். பல் கட்டப் போகும் அன்று, வாயில் ஆறாத புண்ணோ வெள்ளை, சிவப்புத் திட்டோ இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு மாத விடுமுறையில் முடியுமா?

நல்லூர்த் திருவிழாவுக்கோ சந்நிதித் திருவிழாவுக்கோ வரும் உறவினர்கள் பல் வேலையையும் இங்கேயே முடித்துக்கொண்டு போக விரும்புவது நியாயமானது. பிரித்தானியாவின் அரச சுகாதார சேவை விசேட காரணம் இல்லாமல் இம்பிளான்ட் செய்வதில்லை. கனடாவின் புதிய அரச பற்சிகிச்சைத் திட்டத்திலும் இம்பிளான்ட் இல்லை. சுவிசில் அடிப்படை மருத்துவக் காப்புறுதி வழக்கமான பற்சிகிச்சையை ஏற்பதில்லை. இங்கே செலவு குறைவு.

ஒரு மாதத்துக்குள் பிரிட்ஜ் முடியும். வழக்கமான முறையில் இம்பிளான்ட் முடியாது; ஆணியை வைத்துவிட்டுப் போய், அடுத்த தடவை வந்து கிறவுண் போடவேண்டும். "ஒரே நாளில் பல்" என்ற விளம்பரத்தைக் கண்டால், அது உங்கள் எலும்புக்குப் பொருந்துமா, அந்தப் பல் தற்காலிகமானதா என்று கேளுங்கள்.

ஊரில் இருப்பவர்களுக்கும் புலம்பெயர்ந்தவர்களுக்கும் பொதுவான ஒரு அறிவுரை: இம்பிளான்ட் வைத்தால் அதன் தயாரிப்பாளர், வகை, நீளம், விட்டம், தொகுதி இலக்கம் எழுதிய அட்டையைக் கேட்டு வாங்குங்கள். திருகும் இணைப்பும் தயாரிப்புக்குத் தயாரிப்பு வேறுபடும். ஏழு வருடம் கழித்து வேறு நாட்டில் திருகு தளர்ந்தால், அந்த அட்டை இல்லாத பல்வைத்தியர் கண்ணைக் கட்டி விட்டதுபோலத்தான் வேலை செய்யவேண்டியிருக்கும். எங்கள் சனம் ஆவணங்களைத் தொலைத்துப் பழகியவர்கள். இதை ஒரு படம் எடுத்துத் தொலைபேசியிலும் வைத்திருங்கள்.

சம்மதம் சொல்லும் முன் கேட்கவேண்டியவை

1. எனது இடைவெளிக்கு அயலில் உள்ள பற்கள் எந்த நிலையில் இருக்கின்றன?
2. எலும்பு போதுமா? எலும்பு வளர்க்கவேண்டுமா?
3. கழற்றிப் போடும் பல்லோ, ஒன்றும் செய்யாமல் விடுவதோ எனக்குப் பொருந்துமா?
4. ஸ்கான், எலும்புத்தூள், இணைப்புத் துண்டு, கிறவுண் எல்லாம் சேர்த்து மொத்தச் செலவு எவ்வளவு? எழுத்தில் தருவீர்களா?
5. இது பழுதானால் யார் திருத்துவார்? அதற்கு என்ன செலவு?
6. எத்தனை மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்கு வரவேண்டும்?

சிகிச்சை செய்பவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்ற பல்வைத்தியரா என்றும் பாருங்கள். அனுபவத்தில் பல் கட்டுபவர்களிடம் மலிவாகக் கட்டி, முரசோடு ஒட்டிய அசையாத பல்லுக்குக் கீழே சீழ் பிடித்தவர்களை எங்கள் ஊரிலேயே கண்டிருக்கிறேன். தனியாரிடம் போகக் காசில்லை என்றால் முதற்படி மந்திகையில் உள்ள பருத்தித்துறை ஆதார வைத்தியசாலை போன்ற அரச வைத்தியசாலைகளின் பல் சிகிச்சைப் பிரிவு. பரிசோதனையும் முரசுச் சிகிச்சையும் அடைப்பும் முடித்தபின்தான் எந்தப் பல்லையும் கட்டவேண்டும். கட்டுவதற்கு எங்கே அனுப்பலாம் என்பதையும் அங்கேயே கேட்டறியலாம்.

அம்மா எடுத்த முடிவு

அம்மாவின் புதிய இடைவெளிக்கு முன்னால் உள்ள பல் பெரிதாக அடைத்தது. பின்னால் உள்ளது வேர்ச் சிகிச்சை செய்தது. எப்படியும் உறை போடவேண்டியது. மேலே காற்றறை கிட்ட. அம்மாவுக்குச் சலரோகமும் உண்டு. அங்கே பிரிட்ஜ் போட்டோம். மூன்று தடவை நெல்லியடிக்குப் போய்வந்ததோடு முடிந்தது.

1992இன் இடைவெளியில் எலும்பு கத்தி விளிம்புபோல மெலிந்திருந்தது. பின்பல் சரிந்து இடைவெளியின் பாதியை அடைத்திருந்தது. மூன்று படங்களையும் அண்ணாவுக்கு அனுப்பினேன். அவர் ரொறன்ரோவில் தனது பல்வைத்தியரிடமும் காட்டிவிட்டு இரண்டு நாளில் அழைத்தார். "அதை விடுவம். அம்மா சொன்னதுதான் சரி."

அதே மாதம் சித்தியின் மகன் இம்பிளான்ட் வைத்தான். இருபத்தாறு வயது. மோட்டார் சைக்கிளில் விழுந்து ஒரு முன்பல் போனது. இருபக்கமும் ஒரு பழுதும் இல்லாத பற்கள், போதுமான எலும்பு. அவனுக்கு அந்தப் பற்களை அராவியிருந்தால் பிழை. சிகரெட்டை விடச் சொல்லித்தான் ஆணி வைத்தார்கள். கிறவுணுக்காக இன்னும் காத்திருக்கிறான்.

அண்ணா அனுப்பிய காசில் மீதி இருந்தது. அப்பாவின் முரசில் கனகாலமாக இரத்தம் வடிந்துகொண்டிருந்தது. அவர் யாருக்கும் சொல்லவில்லை. அவரைக் கூட்டிக்கொண்டுபோய்ப் பற்களைத் துப்பரவாக்கி, ஆடிக்கொண்டிருந்த இரண்டு பற்களை இப்போதைக்குக் காப்பாற்றியிருக்கிறோம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு பேரும் போகவேண்டும். அடுத்த திகதி கலண்டரில் குறித்திருக்கிறது.